ஐப்பசி மழையில் டிரையர் நின்றால்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

ஐப்பசி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. திருவாரூர் பக்கத்துக் கிராமத்தில் அக்கா வீட்டுக் கூடம், நடை, மாடிப்படிக் கைப்பிடி என்று எங்கே பார்த்தாலும் ஈரத்துணி. பிரசவத்துக்கு வந்த பெண், நாற்பது நாள் குழந்தை. ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து துணியாவது நனைகிறது. அந்த நேரம் பார்த்து வாஷிங் மெஷினின் டிரையர் முனகிவிட்டு நின்றுபோனது.

"தம்பி, மெஷினையே மாத்திடலாமா? இல்ல, சூடு பண்ணிக் காயவைக்கிற டிரையர்னு ஒண்ணு விக்குதாமே, அதை வாங்கிடலாமா?" என்று அக்கா போனில் கேட்டாள்.

நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "முனகுதா, சத்தமே இல்லையா?" என்பதுதான். செலவு இருநூறு ரூபாயா, இருபதாயிரமா என்பதைப் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று சும்மாவா சொன்னார்கள்? காவிரி டெல்டாவில் இந்த இரண்டு மாதமும் துணி காயாத மாதங்கள். இந்த நேரத்தில் டிரையர் நின்றால் அவசரத்தில் முடிவெடுத்துவிடுகிறோம். கடைக்காரர் சொன்னதை வாங்குகிறோம், மெக்கானிக் சொன்னதை மாற்றுகிறோம். எந்தப் பழுதுக்கு எந்த வழி சரி என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் வீடுகளில் "டிரையர்" என்றால் பெரும்பாலும் செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் வலது பக்கம் இருக்கும் சின்னத் தொட்டி. அது துணியைக் காயவைப்பதில்லை. வேகமாகச் சுழற்றி நீரைப் பிழிகிறது, அவ்வளவுதான். இன்னொன்று சூடான காற்றை டிரம்முக்குள் செலுத்தி, துணியைப் புரட்டிப் புரட்டி உலர்த்தும் தனி எந்திரம். முன்னதை ஸ்பின் டிரையர் என்றும் பின்னதைச் சூட்டு டிரையர் என்றும் இங்கே வைத்துக்கொள்கிறேன். இரண்டின் பழுதும் வேறு, செலவும் வேறு.

ஸ்பின் டிரையர்: பெரும்பாலும் பழுது பார்ப்பதே லாபம்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். மழைக்காலத்தில் தரை ஈரம், கை ஈரம். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

சத்தமே இல்லாமல் நின்றால், பெரும்பாலும் மின்சாரம் மோட்டார் வரைக்கும் போகவில்லை என்று அர்த்தம். மூடிக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்ச், ஸ்பின் டைமர், இரண்டுக்கும் இடையில் ஓடும் ஒயர், இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். நம் பக்கத்தில் நான்காவதாக ஒன்று உண்டு, எலி. வயலில் தண்ணீர் நின்றதும் வரப்பு எலி வீட்டைத் தேடி வரும். மெஷினின் அடிப்பக்கம் திறந்தே இருப்பதால் உள்ளே ஏறி ஒயரைக் கடித்துவிடும். மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தால் செம்பு தெரியும் இடம் கண்ணில் படும். மூடி ஸ்விட்சும் கடிபட்ட ஒயரும் சில்லறைச் செலவு. ஒயர் வேலை தெரிந்தவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். இதற்காக யாராவது "போர்டு போச்சு" என்றால் நம்ப வேண்டாம். சாதாரண செமி ஆட்டோமேட்டிக்கில் எலக்ட்ரானிக் போர்டே கிடையாது.

முனகுகிறது, சுற்றவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஆனால் அதனால் கிளம்ப முடியவில்லை. இதற்கு மூன்று காரணம். குழந்தைத் துணி, கைக்குட்டை, காலுறை ஏதாவது டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் நழுவி அடியில் போய்த் தண்டில் சுற்றிக்கொண்டிருக்கலாம். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால் மோட்டாரைக் கிளப்பிவிட உதவும் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கலாம்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. மூடியைத் திறந்து டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்கிறார்கள். அது இறுக்கமாக இருக்கிறது. உடனே "பேரிங் போச்சு, மோட்டார் இறுகிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மூடியைத் திறந்தால் பிரேக் பிடிக்க வேண்டும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மூடியோடு ஒரு கம்பி இணைந்திருக்கும். மூடினால் கம்பி இழுபட்டுப் பிரேக் விடும், திறந்தால் பிடிக்கும். ஆகவே பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பின்பலகையைக் கழற்றி, அந்தப் பிரேக் நெம்புகோலை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுற்ற வேண்டும். அப்போது லேசாகச் சுழன்றால் பேரிங்கில் குறையில்லை, கெப்பாசிட்டரைப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால்தான் அடியில் துணியா, துருவா என்று தேட வேண்டும்.

கெப்பாசிட்டர் சின்னக் கறுப்புப் பெட்டி. மேலே 4, 5, 6 மைக்ரோஃபாரட் என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். சில மெஷின்களில் துவைக்கும் மோட்டாருக்கும் ஸ்பின்னுக்கும் சேர்த்து ஒரே பெட்டியில் இரண்டு எண் இருக்கும். பழையதில் இருக்கும் அதே எண், அதே வோல்ட் கொண்டதைத்தான் போட வேண்டும். "பெருசா போட்டா வேகமா ஓடும்" என்று சொல்வதைக் கேட்டால் மோட்டார் சூடாகிக் கருகிவிடும். கழற்றும் முன் இரண்டு முனைகளையும் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூ டிரைவரால் ஒருமுறை சேர்த்துத் தொட்டு, தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். பக்கம் உப்பியிருந்தாலோ அடியில் பிசின்போல் கசிந்திருந்தாலோ சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். விலை இருநூறு ரூபாய்க்குள்தான் வரும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு மெஷின் இதேபோல் முனகியபோது, வந்தவர் மோட்டாரையே மாற்றிவிட்டார். பணமும் பெரிது. பழைய மோட்டாரை நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். பிறகு அதை ஒரு புதுக் கெப்பாசிட்டரோடு இணைத்துப் பார்த்தேன், கிண்ணென்று ஓடியது. அன்றைக்குத்தான் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. மெக்கானிக் எல்லாரும் அப்படியில்லை, அதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பிரேக் நெம்புகோல் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்ததே ஒரு வயதான மெக்கானிக்தான். "தம்பி, மோட்டார் சாகறதுக்கு முன்னாடி நாத்தம் வரும். நாத்தம் வராம மோட்டாரை மாத்தாதே" என்றார். கருகிய வார்னிஷ் வாடை அடித்தால் மட்டுமே மோட்டாரைச் சந்தேகப்படுங்கள்.

சுற்றுகிறது, ஆனால் துணி சொட்டச் சொட்ட வருகிறது என்றால் இது இன்னும் எளிது. பிழிந்த நீர் வெளியே போக வழியில்லாமல் இருக்கும். வெளியேற்றும் குழாயை உயரமான தொட்டியில் தூக்கி மாட்டியிருப்பார்கள், குழாய் மடிந்திருக்கும், அல்லது பஞ்சும் பொத்தானும் அடைத்திருக்கும். குழாயைத் தரையோடு படுக்கவிட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் செலவே இல்லை. அப்புறம் பிரேக் கம்பி. வருடங்கள் போகப் போக அது தொய்ந்து, மூடிய பிறகும் பிரேக் கொஞ்சம் உரசிக்கொண்டே இருக்கும். டிரம் ஓடும், வேகம் வராது, ரப்பர் சூடான வாடை வரும். கம்பியை ஒரு துளை தள்ளி மாட்டினால் போதும்.

தடதடவென்று மெஷினே நகர்ந்தால் துணியை ஒரு பக்கமாகத் திணித்திருப்போம், இல்லை துணிக்குமேல் வைக்கும் வட்டத் தட்டைத் தொலைத்திருப்போம். அதை வைக்காமல் ஓட்டாதீர்கள்.

அடியில் நீர் கசிந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் கிழிந்திருக்கும். நீர் நேராக மோட்டார்மேல் சொட்டும். இன்றைக்குச் சீல், அடுத்த மழைக்கு மோட்டார். இதை வீட்டில் செய்ய வேண்டாம். டிரம்மைக் கழற்ற வேண்டிய வேலை, மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

எப்போது விட்டுவிடுவது? மோட்டார் கருகி, சீல் போய், தண்டும் துருப்பிடித்து மூன்றும் சேர்ந்து வந்தால் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தொட்டுவிடும். அப்போது பழுது பார்ப்பதில் அர்த்தமில்லை. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணிப் பக்கம் கடற்காற்றில் அடித்தகடு பொத்துப்போன மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும் நிற்கக் கால் இருக்காது. அங்கே இருப்பவர்கள் அடுத்த முறை வாங்கும்போது பிளாஸ்டிக் உடம்பு உள்ளதை வாங்குவது நல்லது.

"ஃபுல் ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டால்?"

நிறையப் பேர் இந்த முடிவுக்குத்தான் போகிறார்கள். துவைக்கும் சிரமம் குறையும் என்பது உண்மை. காயவைப்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். செமி ஆட்டோமேட்டிக்கின் ஸ்பின் டிரம் நிமிடத்துக்கு 1300, 1400 சுற்று போகும். மேலே திறக்கும் ஃபுல் ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் 700, 800 சுற்றுதான். உலர்ந்த நிலையில் 4 கிலோ இருக்கும் பருத்தித் துணியை 1400 சுற்றில் பிழிந்தால் சுமார் 2 லிட்டர் நீர் மிஞ்சும். 800 சுற்றில் பிழிந்தால் 3 லிட்டரை ஒட்டி மிஞ்சும். அந்த ஒரு லிட்டர்தான் அடைமழை நாளில் துணி மாலைக்குள் காய்வதற்கும் மறுநாள் புழுங்கல் வாடை அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

முன்னால் திறக்கும் மெஷினில் 1200, 1400 சுற்று கிடைக்கும், விலை கூடுதல். என் யோசனை இதுதான்: மேலே திறக்கும் ஃபுல் ஆட்டோமேட்டிக் வாங்கினாலும், பழைய செமி ஆட்டோமேட்டிக்கைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஸ்பின் மட்டும் ஓடினால் போதும், கொல்லையில் வைத்துக்கொள்ளுங்கள். துவைத்ததை அதில் இரண்டு நிமிடம் சுற்றி எடுத்தால் கொடியில் பாதி நேரம் மிச்சம்.

சூட்டு டிரையர்: பழுது பெரும்பாலும் காற்றில்தான்

இதில் ஒரு ஹீட்டர், டிரம்மைச் சுற்றும் மோட்டார், ஒரு பெல்ட், காற்றை இழுக்கும் விசிறி, சூடு மிஞ்சினால் மின்சாரத்தை வெட்டும் கட் அவுட் இருக்கும். வந்த பழுதில் பாதிக்கு மேல் பஞ்சும் காற்றும்தான் காரணமாக இருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சூடாகிறது, ஆனால் துணி காயவில்லை என்றால் ஃபில்டரை எடுங்கள். பஞ்சைக் கையால் உருவி எடுத்தால் போதாது. அந்த வலைமேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீர் வழியாமல் மேலேயே நின்றால், துணி மென்மையாக்கும் திரவத்தின் பிசுக்கு வலையை மூடியிருக்கிறது. பழைய டூத் பிரஷ், சோப்பு, வெந்நீர், நன்றாகத் தேய்த்து உலர்த்திப் போட்டால் காற்று மறுபடி ஓடும். அடுத்துப் பின்னால் இருக்கும் வெளியேற்றும் குழாய். நீளமாக விட்டு, இரண்டு வளைவு வளைத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனவர்கள் வீட்டில் உள்ளே பஞ்சு படிந்து பாதி அடைத்திருக்கும். எவ்வளவு குட்டையாகவும் நேராகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

குழாயே மாட்டாமல் அறைக்குள் காற்றை விடுகிறவர்களும் உண்டு. துணியிலிருந்து எடுத்த அந்த 2 லிட்டர் நீரும் அறைக்குள்ளேயே ஆவியாக நிற்கிறது. மெஷின் அதே ஈரக் காற்றைத் திரும்ப இழுத்துச் சூடாக்குகிறது. சுவரில் பூஞ்சை பிடிக்கும், துணியும் காயாது. இதற்கு மெக்கானிக் தேவையில்லை, சுவரில் ஓர் ஓட்டை தேவை.

டிரம் சுற்றுகிறது, சூடே இல்லை என்றால் கட் அவுட் அல்லது ஹீட்டர். மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டர் முனையில் ஒயரைக் கழற்றி அளக்கலாம். 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டருக்குச் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டவில்லை என்றால் ஹீட்டருக்குள் சூடாகும் கம்பிச்சுருள் அறுந்துவிட்டது. முனைக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவில் எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் அதை ஓட்டவே ஓட்டாதீர்கள், ஷாக் அடிக்கும்.

கட் அவுட் போயிருந்தால் அது தானாகப் போகவில்லை, காற்று அடைத்துச் சூடு மிஞ்சித்தான் போயிருக்கும். ஃபில்டரையும் குழாயையும் சுத்தம் செய்யாமல் புதிதைப் போட்டால் அதுவும் போகும். இதைவிட மோசமான ஒன்று நடக்கிறது. "டைரக்ட் பண்ணி விட்டுடறேன், இனிமே போகாது" என்று கட் அவுட்டுக்குப் பதிலாக ஒரு துண்டு ஒயரைப் போட்டு இணைத்துவிடுவார்கள். மெஷின் ஓடும். சூட்டை நிறுத்த உள்ளே எதுவும் இருக்காது, பக்கத்திலேயே பஞ்சு இருக்கும். தீப்பிடிக்க வேறு என்ன வேண்டும்? யார் செய்தாலும், எவ்வளவு தெரிந்தவரானாலும், இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அன்றைக்குப் பாகம் கிடைக்கவில்லையா, நாலு நாள் துணி ஈரமாகவே கிடக்கட்டும்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு டிரம் சுற்றாமல் இருந்தால், கையால் தள்ளிப் பாருங்கள். எந்தத் தடையும் இல்லாமல் சுழன்றால் பெல்ட் அறுந்துவிட்டது. பாகம் மலிவு, மாட்டுவது பொறுமையான வேலை. பாதி ஈரத்திலேயே "முடிந்தது" என்று நிற்கிறதா? டிரம்முக்குள் இரண்டு உலோகப் பட்டை இருக்கும், ஈரத்தை உணர்வது அதுதான். பிசுக்குப் படிந்தால் ஏமாந்துவிடும். வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

நம் ஊருக்கே உரிய ஒரு "பழுது" உண்டு. மெஷினில் குறையே இருக்காது, வோல்ட்டேஜ்தான் இருக்காது. லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் விளக்கு வைக்கும் நேரம் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அப்போது 2000 வாட் ஹீட்டர் 1225 வாட் அளவுக்குத்தான் சூடு கொடுக்கும், பத்துக்கு ஆறு பங்கு. ஒரு மணி நேரத்தில் காய வேண்டியது ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். ஹீட்டர் பழுது என்று நினைத்து அதை மாற்றியும் பயனில்லை. மதியம் ஓட்டிப் பாருங்கள், அப்போது சரியாகக் காய்ந்தால் மெஷின்மேல் தப்பில்லை. பிரிட்ஜுக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரில் இதைச் செருகாதீர்கள், 9 ஆம்பியர் இழுக்கும் சாமானை அது தாங்காது. 16 ஆம்பியர் பிளக், எர்த் இரண்டும் கட்டாயம்.

புதிதாக வாங்குவதென்றால் எதை?

காற்றை வெளியே தள்ளும் வகை விலை குறைவு, பாகங்கள் எளிது, நம் ஊர் மெக்கானிக்குக் கைவரும். வெளிச்சுவர் ஒட்டிய இடம் வேண்டும். கண்டென்சர் வகை ஆவியைத் தண்ணீராக்கி ஒரு தொட்டியில் சேர்க்கும். குழாய் வேண்டாம், ஆனால் தொட்டியை ஒவ்வொரு முறையும் கொட்ட வேண்டும், கண்டென்சரைக் கழுவ வேண்டும். பெரும்பாலான "நின்றுபோச்சு" புகாருக்குத் தொட்டி நிரம்பியதுதான் காரணம். ஹீட் பம்ப் வகை ஏறக்குறைய பாதி மின்சாரத்தில் வேலையை முடிக்கும், சூடு குறைவு என்பதால் துணியும் கெடாது. ஆனால் நேரம் அதிகம் எடுக்கும், விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. உள்ளே ஏசியில் இருப்பதுபோல் கம்ப்ரசரும் கேஸும் இருக்கும். அது பழுதானால் டெல்டாவில் சிறிய ஊர்களில் ஆள் கிடைப்பது சிரமம். வருடத்துக்கு மூன்று மாதம் மட்டும் ஓட்டுவதற்கு அந்த விலையை மின்கட்டணத்தில் திரும்ப எடுக்க முடியாது என்பது என் எண்ணம். குழாய் விட வழியே இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

மின்கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏட்டுக் கணக்கிலேயே ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நடைமுறையில் சூட்டு டிரையர் லிட்டருக்கு ஒரு யூனிட்டைத் தொடும். தினம் 2 லிட்டர் என்றால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். அரசு இலவசமாகக் கொடுக்கும் யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். ஏற்கெனவே 400 யூனிட்டுக்கு மேல் ஓடும் வீடு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால், அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றின் விலையும் சேர்ந்து ஏறும்.

புயல் நாளில் எந்த டிரையரும் உதவாது என்பதும் கணக்கில் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமே இல்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அப்படி வெள்ளம் வீட்டுக்குள் வந்து மோட்டார் முங்கியிருந்தால், நீர் வடிந்ததும் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நன்றாக உலர்த்தி, மெக்கானிக் அளந்து பார்த்த பிறகுதான் பிளக்கில் செருக வேண்டும். ஈரத்தோடு போட்டுக் கருக்கிய மோட்டார்கள்தான் அதிகம்.

மெஷினே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நன்றாகப் பிழிந்த துணியை ஓர் அறையில் கையகல இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு, மேசை விசிறியைத் துணிக்குக் குறுக்காக வையுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். விசிறி பத்து மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்தான் ஆகும். கூறைநாட்டுப் புடவை, திருபுவனம் பட்டு எதையும் எந்தச் சூட்டு டிரையரிலும் போடாதீர்கள். அவற்றுக்கு எப்போதும் நிழலும் காற்றும்தான்.

அக்கா வீட்டுக்கு மறுநாள் போனேன். பின்பலகையைக் கழற்றிப் பிரேக்கை விலக்கிச் சுற்றினால் டிரம் லேசாகச் சுழன்றது. கெப்பாசிட்டர் ஒரு பக்கம் உப்பியிருந்தது. புதிது வாங்கிப் போட்டோம், ஓடியது, ஆனால் வேகம் போதவில்லை. பிரேக் கம்பியை ஒரு துளை தள்ளி மாட்டிய பிறகுதான் பழைய வீச்சு வந்தது. எலி ஏறாமல் அடியில் கம்பிவலை வைத்துக் கட்டினோம். அக்காவுக்குச் சூட்டு டிரையர் ஆசை இன்னும் போகவில்லை. மாலை ஆறரைக்கு மல்டிமீட்டரை வைத்துக் காட்டினேன், 184 வோல்ட். "சரி, கைக்குழந்தை இருக்கற வரைக்கும் விசிறியிலயே பாத்துக்கறேன்" என்றாள். குழந்தைத் துணிகளை இரண்டு முறை ஸ்பின் போட்டுக் கூடத்தில் விசிறிக்கு எதிரே கட்டினோம். நான் ராத்திரிச் சாப்பாடு முடித்துக் கிளம்பும்போது தொட்டுப் பார்த்தேன். மடிப்பு ஓரங்களில் மட்டும்தான் கொஞ்சம் சில்லென்று இருந்தது.